ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்!

விண்டோசும் லினக்சும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் வாழ்வது எப்படி?

"அக்கா! தாத்தா படம் ஒன்றுகூட இல்லையே!"

தம்பி அலறினான். அடுப்படியில் இருந்த அம்மா ஓடி வந்தாள். கட்டிலில் படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

அக்காள் கல்லூரி மாணவி. தம்பி பள்ளி மாணவன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய லேப்டாப். அதில் விண்டோசும் இருக்கிறது, லினக்சும் இருக்கிறது. தம்பிக்கு விண்டோஸ். அக்காளுக்கு லினக்ஸ்.

முதல் நாள் மாலை தம்பி விண்டோசில் வேலையை முடித்தான். "ஷட் டவுன்" கொடுத்தான். திரை இருண்டது. விளக்கு அணைந்தது.

இரவு அக்காள் அதே லேப்டாப்பை லினக்சில் திறந்தாள். தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படங்கள் அவளுடைய செல்போனில் இருந்தன. செல்போனிலோ இடம் இல்லை. முந்நூறு படங்களையும் லேப்டாப்பில், இருவருக்கும் பொதுவான "டி" டிரைவில் சேர்த்தாள். செல்போனில் இருந்தவற்றை அழித்தாள். லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் காலை தம்பி விண்டோசைத் திறந்தான். படங்களைக் காணோம்!

தாத்தா இப்போது இல்லை. விழா முடிந்த நாலாம் மாதம் காலமாகிவிட்டார். இனி ஒருநாளும் எடுக்க முடியாத படங்கள் அவை.

"நீதான் எதையோ தட்டி அழித்துவிட்டாய்!" என்றாள் அக்காள்.

"நான் தொடவே இல்லை அக்கா!" என்றான் தம்பி.

தம்பி சொன்னது உண்மை. அக்காள் படங்களைச் சேர்த்ததும் உண்மை. அப்படியானால் படங்கள் எங்கே போயின?

இந்தக் குடும்பம் கற்பனைக் குடும்பம். ஆனால் இந்த விபத்து கற்பனை அல்ல. இரண்டு இயங்குதளங்கள் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் இது நடக்கக்கூடும். காரணம் தெரிந்தவர்கள் இதை ஐந்து நிமிட வேலையில் தடுத்துவிடலாம்.

கூடத்தில் எழுப்பிய சுவர்

படம், பாட்டு, கடிதம் எல்லாம் கம்ப்யூட்டரில் தங்கும் இடம் ஹார்டு டிஸ்க்.

முதல் ஹார்டு டிஸ்க்கை 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்டது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. ஓர் ஆள் உயரப் பீரோவைப் போன்ற அந்த யந்திரத்தில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த இடத்தை நிரப்பிவிடும்!

இப்போது டிஸ்க் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. புதிய லேப்டாப்புகளில் சுழலும் தட்டுகூடக் கிடையாது. சில்லுகளால் ஆன "எஸ்.எஸ்.டி." இருக்கிறது.

டிஸ்க்கை ஒரு பெரிய கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் சுவர் வைத்துத் தனித்தனி அறைகளாகத் தடுக்கலாம் அல்லவா? அப்படித் தடுத்த அறைக்குத்தான் "பார்ட்டிஷன்" என்று பெயர். விண்டோசில் "சி", "டி" என்று தெரிகிறதே, அவை பெரும்பாலும் இந்த அறைகள்தான்.

1983-ல் ஐ.பி.எம். கம்பெனி 10 மெகாபைட் டிஸ்க் வைத்த கம்ப்யூட்டரை விற்கத் தொடங்கியது. அந்த டிஸ்க்கை நாலு அறைகளாகத் தடுக்க முடிந்தது. ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு இயங்குதளம் குடியேறலாம். இப்போதைய "ஜி.பி.டி." முறையில் விண்டோஸ் 128 அறைகள் வரை இடம் தருகிறது.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்பது நேற்று வந்த பழக்கம் அல்ல.

முதல் விபத்து யாருக்கு?

இயங்குதளம் என்பது கம்ப்யூட்டரை நடத்தும் நிர்வாகி. விசைப்பலகை, திரை, டிஸ்க் எல்லாம் அதன் சொற்படிதான் நடக்கும். உலகத்து மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ்.

லினக்ஸ் பிறந்தது 1991-ல். அதை எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். இன்றும் லினக்ஸ் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, பிறருக்கும் தரலாம்.

லினக்ஸ் பிறந்த கம்ப்யூட்டரிலும் இரண்டு குடித்தனம்தான் இருந்தது! "மினிக்ஸ்" என்ற இன்னொரு இயங்குதளத்தை வைத்துக்கொண்டுதான் டோர்வால்ட்ஸ் லினக்சை எழுதினார்.

ஒருநாள் அவர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்கு டெலிபோன் வழியாக இணைப்புப் போட நினைத்தார். "டயல்" செய்யும் கட்டளையை மோடத்துக்கு அனுப்ப வேண்டும். கைத்தவறுதலாக அதை ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார்! மினிக்ஸ் குடியிருந்த அறையின் முக்கியமான பகுதிகள் அழிந்தன.

மினிக்சை மறுபடியும் ஏற்றுவதா, அல்லது தாம் எழுதிய லினக்சையே முழுதாக நம்புவதா? அவர் லினக்சை நம்பினார். அந்த விபத்து லினக்ஸ் வளர ஒரு காரணம் ஆயிற்று.

லினக்சைப் படைத்தவருக்கே அறை மாறிப் போயிற்று என்றால், மற்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

தமிழ்நாட்டு வீடுகளில்

தமிழ்நாட்டில் இந்த விஷயம் நிபுணர்களுக்கு மட்டும் உரியது அல்ல.

2011 செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்தநாளில், மாணவ மாணவிகளுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அப்போது வந்த லேப்டாப்புகளில் விண்டோசும் இருந்தது. "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. "பாஸ்" நம் நாட்டுத் தயாரிப்பு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. தமிழிலேயே பயன்படுத்தலாம்.

கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோதே, இரண்டு குடித்தனத்தோடு வந்தது!

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. பல பழைய லேப்டாப்புகள் விண்டோஸ்-11க்குத் தாங்காது. அவற்றை வீணாக்க மனம் இல்லாதவர்கள், பழைய விண்டோசை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்சையும் ஏற்றுகிறார்கள்.

அறைக்கு ஒரு நோட்டு

ஒவ்வோர் அறையிலும் ஒரு கணக்கு நோட்டு உண்டு. எந்தப் பொருள் எந்த மூலையில் இருக்கிறது, எந்த இடம் காலி என்று அதில் எழுதியிருக்கும். மளிகைக் கடைக் கணக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டு எழுதும் முறைக்கு "பைல் சிஸ்டம்" என்று பெயர்.

நோட்டில் இல்லாத பொருள், அறையில் இருந்தாலும் இல்லாததே! இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். தாத்தா படத்தின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

நோட்டு எழுதும் முறைகளில் நாலு முக்கியமானவை.

விண்டோஸ் தன் அறையில் எழுதுவது "என்.டி.எப்.எஸ்." முறை. இது 1993-ல் வந்தது. எதையும் மாற்றுவதற்கு முன், "இதை மாற்றப்போகிறேன்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்ளும்.

லினக்ஸ் தன் அறையில் பெரும்பாலும் எழுதுவது "எக்ஸ்ட்-4" முறை. இதிலும் அப்படி ஒரு குறிப்பு உண்டு.

"பேட்-32" என்பது 1996-ல் வந்த பழைய முறை. எல்லோருக்கும் புரியும். ஆனால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைலை அதில் வைக்க முடியாது. ஒரு கல்யாண வீடியோ அதைத் தாண்டிவிடும்.

"எக்ஸ்பேட்" என்பது 2006-ல் வந்த முறை. அந்த 4 ஜி.பி. தடை இதில் இல்லை. விண்டோசும் படிக்கும்; லினக்சும் படிக்கும். பென்டிரைவுக்கு ஏற்றது. ஆனால் ஓரக் குறிப்பு எழுதும் வழக்கம் இதற்கு இல்லை. எழுதும்போது நடுவில் தடை வந்தால் கணக்கு தாறுமாறாகலாம்.

லினக்ஸ் இந்த நாலையும் படிக்கும், நாலிலும் எழுதும். விண்டோசின் என்.டி.எப்.எஸ். அறையில் லினக்ஸ் நம்பிக்கையோடு எழுதும் வசதி 2007-ல் "என்.டி.எப்.எஸ்.-3ஜி" என்ற புரோகிராம் மூலம் கிடைத்தது. 2021 அக்டோபரில் வந்த லினக்ஸ் 5.15-ல் இன்னொரு புதிய வசதியும் சேர்ந்தது.

விண்டோஸ் அப்படி அல்ல. எக்ஸ்ட்-4 நோட்டைத் தானாகப் படிக்க அதற்குத் தெரியாது. கண்ணெதிரே லினக்ஸ் அறை இருந்தாலும், அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு விளங்காது.

உறக்கமா? மூடலா?

இப்போது அந்தக் காலை நேரத்துக்கு வருவோம். படங்கள் எங்கே போயின?

தம்பி "ஷட் டவுன்" கொடுத்தான். விண்டோஸ் முழுவதும் மூடிவிட்டது என்று நினைத்தான். அங்கேதான் தவறு.

2012-ல் விண்டோஸ்-8 வந்தது. அதில் "பாஸ்ட் ஸ்டார்ட்-அப்" என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். கம்ப்யூட்டர் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. "ஷட் டவுன்" கொடுத்ததும் நாம் திறந்து வைத்த புரோகிராம்களை விண்டோஸ் மூடும். ஆனால் தன்னுடைய நினைவை மூடாது. அதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கும். மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்காது. எழுதி வைத்த பழைய நினைவை எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். விண்டோஸ்-10, விண்டோஸ்-11 இரண்டிலும் இந்த ஏற்பாடு உண்டு.

அந்த நினைவில் "டி" அறையின் கணக்கு நோட்டுப் பிரதியும் இருக்கலாம்.

வீட்டுக்கே திரும்புவோம். முதல் குடித்தனக்காரர் பொது அறையின் நோட்டை மனப்பாடம் செய்துகொண்டு படுத்துவிட்டார். அவர் உறங்கும்போது இரண்டாவது குடித்தனக்காரர் வருகிறார். முந்நூறு சாமான்களைக் கொண்டுவந்து அடுக்குகிறார். நோட்டிலும் ஒழுங்காக எழுதிவிட்டுப் போகிறார்.

விடிகிறது. முதல்வர் எழுகிறார். நோட்டைத் திறந்து பார்ப்பதில்லை. "அதுதான் மனப்பாடமாகத் தெரியுமே!" அவர் கணக்கில் அந்த மூலை காலி. பிறகு ஏதோ ஒரு சிறு கணக்கு எழுத நோட்டை எடுக்கிறார். தன் மனப்பாடத்தில் உள்ள பழைய பக்கத்தைப் புதிய பக்கத்தின் மேலேயே எழுதிவிடுகிறார்.

போயிற்று! சாமான் அறையில் இருக்கிறது. கணக்கில் இல்லை.

தாத்தாவின் படங்களும் இப்படித்தான் போயின. யாரும் அழிக்கவில்லை. இரண்டு நிர்வாகிகளும் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். ஒருவர் உறங்குகிறார் என்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை.

காவல்காரன் உண்டு, எல்லா அறைக்கும் அல்ல

"லினக்சுக்கு இது தெரியாதா? தடுக்காதா?" என்று கேட்கலாம்.

என்.டி.எப்.எஸ். அறையாக இருந்தால் பெரும்பாலும் தடுக்கும். விண்டோஸ் உறக்கத்தில் இருக்கிறது என்ற அடையாளத்தைக் கண்டால், லினக்ஸ் அந்த அறையை "படிக்க மட்டும்" திறக்கும். எழுத விடாது. சில சமயம் திறக்கவே மறுக்கும்.

அப்போது பலருக்குக் கோபம் வருகிறது. கட்டாயமாகத் திறக்கும் கட்டளையைத் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். அப்படி ஒரு கட்டளை உண்டு. அது என்ன செய்யும் தெரியுமா? விண்டோஸ் எழுதி வைத்த நினைவையே அழித்துவிடும். விண்டோசில் சேமிக்காமல் விட்ட வேலை இருந்தால் அதுவும் போகும்.

லினக்ஸ் மறுத்தால் அது கோளாறு அல்ல, எச்சரிக்கை. விண்டோசைத் திறந்து, முறையாக மூடிவிட்டு வருவதுதான் சரியான வழி.

பேட்-32, எக்ஸ்பேட் அறைகளுக்கு இந்தக் காவல் கிடையாது. யார் வந்தாலும் கதவு திறக்கும். அக்காள் படங்களைச் சேர்த்த "டி" அறை எக்ஸ்பேட் அறை!

முறையாக மூடுவது எப்படி?

வேடிக்கையான உண்மை ஒன்று உண்டு. விண்டோசில் "ஷட் டவுன்" என்பதைவிட "ரீஸ்டார்ட்" என்பதுதான் முழு மூடல்! ரீஸ்டார்ட் கொடுத்தால் நினைவை எழுதி வைக்காமல் முழுவதும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஆகவே விண்டோசிலிருந்து லினக்சுக்குப் போக வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை மறுபடி வரும்போது லினக்சைத் தேர்ந்தெடுங்கள்.

"ஷிப்ட்" விசையை அழுத்திக்கொண்டு "ஷட் டவுன்" கொடுத்தாலும் முழுவதும் மூடும்.

ஆனால் ஒவ்வொரு நாளும் இதை யார் நினைவில் வைத்திருப்பது? பாஸ்ட் ஸ்டார்ட்-அப் ஏற்பாட்டையே நிறுத்திவிடுவது நல்லது.

"கன்ட்ரோல் பேனல்" திறக்க வேண்டும். அதில் "பவர் ஆப்ஷன்ஸ்". அதில் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்ற வரி. உள்ளே போனால் மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்" என்று இருக்கும். அதைத் தட்ட வேண்டும். கீழே "டர்ன் ஆன் பாஸ்ட் ஸ்டார்ட்-அப்" என்ற கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். சேமித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இதனால் விண்டோஸ் திறக்கச் சில விநாடிகள் கூடுதலாக ஆகலாம். முந்நூறு படங்களுக்கு அது பெரிய விலையா?

"ஹைபர்னேட்" என்று ஒரு உறக்கமும் உண்டு. விண்டோசை அப்படி உறங்க வைத்துவிட்டு லினக்சைத் திறக்கக் கூடாது. லினக்சை உறங்க வைத்துவிட்டு விண்டோசைத் திறப்பதும் அதே தவறுதான். ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போன பிறகுதான் இன்னொருவர் வர வேண்டும்.

"பார்மட் செய்யவா?" பொல்லாத கேள்வி!

இன்னோர் ஆபத்து விண்டோஸ் பக்கத்தில் இருக்கிறது.

லினக்சின் எக்ஸ்ட்-4 முறையில் எழுதிய வெளி டிஸ்க் ஒன்றை விண்டோசில் செருகினால், ஒரு பெட்டி திரையில் வரலாம். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் பார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?" என்று கேட்கும்.

பார்ப்பவர்களுக்கு டிஸ்க் கெட்டுவிட்டது போலத் தோன்றும். கெடவில்லை. அந்த நோட்டு விண்டோசுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான். தமிழ் தெரியாத ஒருவர், தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து, "இதில் ஒன்றும் எழுதவில்லை, கிழித்துவிடலாமா?" என்று கேட்பது போல!

"பார்மட்" என்றால் பழைய நோட்டைத் தூக்கிப்போட்டுப் புது நோட்டுப் போடுவது. உள்ளே உள்ளது எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். ஆகவே பதில் ஒன்றுதான்: "கேன்சல்".

"டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்ற திரையிலும் இதே ஏமாற்றம் உண்டு. லினக்ஸ் குடியிருக்கும் அறை அங்கே பெயர் இல்லாமல், காலி மனை போலத் தெரியும். "சும்மா கிடக்கிறதே" என்று அதை அழித்தவர்கள் லினக்சை முழுவதும் இழக்கிறார்கள்.

பொது அறை எப்படி இருக்க வேண்டும்?

விண்டோசின் "சி" அறை அதன் சொந்த அறை. லினக்சிலிருந்து அதைப் பார்க்கலாம். படத்தையோ கடிதத்தையோ எடுத்துக்கொள்ளலாம். எழுதாமல் இருப்பது நல்லது. லினக்ஸ் அறையை விண்டோசிலிருந்து தொடாமல் இருப்பதும் நல்லது.

இருவருக்கும் வேண்டிய பொருளுக்குப் பொது அறை ஒன்று போதும். லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் பொது அறைக்கு என்.டி.எப்.எஸ். முறை ஏற்றது. ஓரக் குறிப்பும் உண்டு; காவலும் உண்டு. பழுது வந்தால் விண்டோசின் "செக் டிஸ்க்" கொண்டு சரிபார்க்கலாம். அந்தப் பழுதை முழுவதும் பார்க்க லினக்சில் உள்ள சிறு கருவிகள் போதாது.

பைலுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. "தாத்தா: 80" என்று லினக்சில் பெயர் வைத்தால் விண்டோசில் திறக்காமல் போகலாம். "தாத்தா 80" என்று வைத்தால் இருவருக்கும் சம்மதம்.

சாவி எங்கே?

புதிய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் தன் அறையைப் பூட்டியும் வைக்கும். அந்தப் பூட்டுக்கு "பிட்லாக்கர்" என்று பெயர். 2024-ல் வந்த விண்டோஸ்-11 பதிப்பு முதல், புதிதாக ஏற்றும் பல கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. வீட்டுக்காரருக்கே தெரியாது!

லினக்சை ஏற்றும்போது கம்ப்யூட்டர் திறக்கும் முறை மாறும். அதைக் கண்ட விண்டோஸ், "சாவியைக் கொடு" என்று கேட்கலாம். அந்தச் சாவி 48 இலக்கம் கொண்ட எண். அது கையில் இல்லையென்றால் அறை திறக்காது. ஆகவே லினக்ஸ் ஏற்றுமுன் அந்த எண்ணைக் கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்!

1. விண்டோசில் பாஸ்ட் ஸ்டார்ட்-அப் ஏற்பாட்டை நிறுத்துங்கள்.

2. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ரீஸ்டார்ட் கொடுங்கள். உறக்கத்தில் விட்டுப் போகாதீர்கள்.

3. லினக்ஸ் "படிக்க மட்டும்" என்றால் மல்லுக்கு நிற்காதீர்கள். விண்டோசைத் திறந்து முறையாக மூடுங்கள்.

4. விண்டோஸ் "பார்மட் செய்யவா?" என்றால் "கேன்சல்" கொடுங்கள்.

5. இருவரும் எழுதப் பொது அறை ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பென்டிரைவைப் பிடுங்குமுன் "ஈஜெக்ட்" கொடுங்கள். எழுதியது போல் தெரிந்தாலும், உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்.

7. ஒரே இடத்தில் இருக்கும் படம், பாதி தொலைந்த படம். இன்னொரு டிஸ்க்கில் பிரதி வைத்த பிறகே செல்போனில் அழியுங்கள்.

போனது திரும்புமா?

விபத்து நடந்துவிட்டால் முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது! அந்த அறையில் புதிதாக ஒன்றையும் எழுதக் கூடாது. சாமான் அறையில்தான் இருக்கிறது. கணக்கில்தான் இல்லை. புதிதாக எழுதினால், அந்தச் சாமானின் மேலேயே எழுதும்படி ஆகலாம்.

"போட்டோரெக்" என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். அது நோட்டைப் பார்ப்பதில்லை. அறையின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, "இது படம் போல இருக்கிறதே" என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எடுக்கிறது. எடுத்ததை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்பில் நம்பிக்கை குறைவு. காலி என்று கணக்கில் உள்ள இடத்தை எஸ்.எஸ்.டி. தானே துடைத்துவிடக்கூடும். சுழலும் தட்டு உள்ள டிஸ்க்கில் வாய்ப்பு அதிகம்.

நம் கதையில் உள்ள லேப்டாப் பழையது. தட்டு சுழலும் டிஸ்க். அக்காள் பதறாமல் லேப்டாப்பை நிறுத்தினாள். பக்கத்து வீட்டில் ஒரு வெளி டிஸ்க் இரவல் வாங்கினாள். லினக்சைத் திறந்து போட்டோரெக்கை ஓட விட்டாள். மணிக்கணக்கில் ஓடியது. முந்நூறில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. சிலவற்றில் பாதிதான் தெரிந்தது. சில வரவே இல்லை.

வந்த படங்களுக்குப் பெயர் இல்லை. போட்டோரெக் பழைய பெயரைக் கொண்டுவராது. வெறும் எண்தான் தரும்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டியை லேப்டாப் முன் உட்கார வைத்தார்கள். படம் ஒவ்வொன்றாக வந்தது. "இது உன் தாத்தாவின் தங்கச்சி. இது நாங்கள் மாலை மாற்றியது. இது பந்தியில் உன் தாத்தா எல்லாருக்கும் பாயசம் விடச் சொன்னது" என்று பாட்டி சொல்லிக்கொண்டே வந்தாள். தம்பி பெயர்களை அடித்தான்.

எல்லாம் முடிந்ததும் அக்காள் வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்தாள். இரவல் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க, அம்மா புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

தம்பி விண்டோசைத் திறந்து, பாஸ்ட் ஸ்டார்ட்-அப் டிக்கை எடுத்தான்.